ஏ2 சான்று இனச் சான்று ஆகாது

கால்நடை இனத்தை மரபணுவால் அறிவது பற்றிப் புழங்கும் கதைகளில் பிடிவாதமானது ஒன்று உண்டு: சோதனையில் 'ஏ2' என்று வந்துவிட்டால் அது சுத்தமான நாட்டு மாடு. தரகர் சொல்கிறார், பால் விற்பவர் சொல்கிறார், படித்தவர்களும் கேட்டுவிட்டுத் தலையாட்டுகிறார்கள். இது முழுத் தவறு. இதை நம்பிக் கலப்பின மாட்டுக்கு நாட்டு மாட்டு விலை கொடுப்பவர்கள் இருக்கும்வரை, எத்தனை முறை வேண்டுமானாலும் இதை மறுத்தாக வேண்டும்.

ஏ1, ஏ2 என்பவை பாலிலுள்ள பீட்டா கேசீன் என்ற ஒரே புரதத்தின் இரு வடிவங்கள். 209 அமினோ அமிலங்கள் கோத்த அந்தச் சங்கிலியில் 67ஆவது இடத்தில் புரோலின் இருந்தால் ஏ2. ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1. மரபணுவில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. மாட்டின் வம்சத்தைப் பற்றி அந்த ஓர் எழுத்து எதுவும் சொல்லாது. எருமைப் பாலும் ஏ2தான். குர்ன்சி பசுக்களில் பெரும்பாலானவை ஏ2; ஜெர்சியிலும் ஹோல்ஸ்டைனிலும் ஏ2 தாராளமாக உண்டு. நியூசிலாந்தில் ஏ2 பாலை முதலில் வணிகமாக்கியவர்கள் கறந்தது ஐரோப்பிய இன மாடுகளைத்தான். இரு ஏ2 பிரதிகள் கொண்ட ஹோல்ஸ்டைன் காளையின் விந்தை, அதேபோன்ற காங்கேயம் பசுவுக்குச் சினை ஊசியாகப் போட்டால், கன்றும் சோதனையில் ஏ2 என்றே தேறும். ஆனால் அதன் மரபணுவில் பாதி ஹோல்ஸ்டைனுடையது.

இனத்தைச் சொல்லப் பல மார்க்கர்கள், அதாவது மரபணு அடையாளங்கள், சேர்ந்து பேச வேண்டும். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் மாடுகளுக்குப் பரிந்துரைத்த பட்டியலில் 30 மைக்ரோசாட்டிலைட்டுகள் உள்ளன. இவை டிஎன்ஏவில் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள். எத்தனை முறை திரும்புகிறது என்பது மாட்டுக்கு மாடு மாறும். பின்னால் வந்த சிப்புகள் ஒரே வீச்சில் 50,000க்கும் மேற்பட்ட ஓரெழுத்து வேறுபாடுகளைப் படிக்கின்றன. காங்கேயத்துக்கு மட்டுமே சொந்தமான எழுத்து என்று ஒன்றைத் தேடிப் பயனில்லை. ஒரு வடிவம் எந்த இனத்தில் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்ற கணக்குதான் எல்லாம். ஆகவே முடிவும் நிகழ்தகவாகவே வரும். திமிலுள்ள நம் மாட்டையும் ஐரோப்பிய மாட்டையும் பிரிப்பது எளிது; அவற்றின் வழிகள் பிரிந்து லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. காங்கேயத்தையும் உம்பளச்சேரியையும் பிரிப்பது கடினம். அவை நெருங்கிய உறவு.

ஒப்பிட வைத்திருக்கும் மாதிரிகளும் முக்கியம். அந்தத் தொகுப்பில் பர்கூர் மாடே இல்லையென்றால், பர்கூர் மாட்டை அருகிலுள்ள வேறோர் இனத்தின் பெயரில் கணினி சேர்த்துவிடும்.

தாய்வழியில் மட்டும் வரும் மைட்டோகாண்டிரியாவின் டிஎன்ஏ போதும் என்பதும் பொய். ஆப்பிரிக்காவின் திமில் மாடுகள் தாய்வழியில் திமிலில்லாத மாட்டின் மைட்டோகாண்டிரியாவையே சுமக்கின்றன. நிறத்தை வைத்து முடிவுகட்டுவோர் கன்றுகளைப் பார்க்கட்டும்: செவலையாகப் பிறக்கும் காங்கேயம் கன்று ஆறு மாத வாக்கில் சாம்பல் நிறமாகிறது. மாதிரியாக வால்முடியைக் கத்தரித்துக் கொடுத்தாலும் ஆகாது; வேரோடு பிடுங்க வேண்டும், சோதனைக்கு வேண்டிய டிஎன்ஏ அந்த வேரில்தான் இருக்கிறது.

இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டிய மலிவான வேலையைத்தான் யாரும் செய்வதில்லை. சினை ஊசி போட்ட பின் கட்டுத்தறியில் வீசப்படும் மெல்லிய விந்துக் குழலின் (ஸ்ட்ரா) மேல் காளையின் எண்ணும் இனமும் அச்சாகியிருக்கும். அதைக் கழுவி, தேதியும் பசுவின் காதுவில்லை எண்ணும் எழுதி, ஒரு நோட்டில் ஒட்டி வைக்க ஐந்து நிமிடம் போதும். பிறகு கன்றைப் பற்றிச் சந்தேகம் வந்தால், இதே மார்க்கர்களை வைத்து ஆய்வகம் பெற்றோரைச் சரிபார்க்கலாம். ஒவ்வொரு மார்க்கரிலும் கன்றின் ஒரு பிரதி தாயிடமிருந்தும் மற்றது தந்தையிடமிருந்தும் வந்திருக்க வேண்டும். பல மார்க்கர்களில் அது பொருந்தவில்லையென்றால் நோட்டிலுள்ள காளை கன்றின் தந்தை அல்ல.