வசனத்தின் கடைசிச் சொல்

அன்புள்ள தம்பி,

உமது கடிதம் கிடைத்தது. சீனன்குடாவில் ஆலையொன்றில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்ந்திருக்கும் மாமாவுக்கு, ஸ்மார்ட்போனோடு இணையும் காது மெசின் வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர். நல்ல கேள்வி. ஆனால் அதன் கீழே, “சத்தத்தைக் கூட்டினால் போதும்தானே, போனில் பாட்டுக் கேட்கவா இவ்வளவு காசு?” என்றும் எழுதிவிட்டீர். பௌதிகவியல் படிக்கிற பிள்ளை இப்படி எழுதக்கூடாது. கேட்டல் குறைவது என்றால் எல்லாச் சத்தமும் ஒரேயளவாகக் குறைவது என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. காது மெசின்கள் அலுமாரிக்குள் கிடப்பதற்கு அந்த எண்ணமும் ஒரு காரணம்.

உட்காதின் மயிர்க்கலங்களைப் பற்றி உமக்குத் தெரியும். மனிதரில் அவை செத்தால் மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபெல் ஒலியில் 8 மணித்தியாலத்துக்கு மேல் நிற்கக்கூடாது, 88 டெசிபெல் என்றால் அந்நேரம் 4 மணித்தியாலமாகக் குறையும் என்பது தொழிற்சுகாதாரத்தில் வழங்கும் கணக்கு. ஆலை இரைச்சலிலும் விமான இரைச்சலிலும் நின்றவர்களின் கேட்டல் வரைபடத்தில் பெரும்பாலும் 4000 ஹேர்ட்ஸ் அண்டையில்தான் முதற்பள்ளம் விழும். தாழ்ந்த மீடிறன்கள் தப்பிக்கொள்ளும். எனவே மாமாவுக்கு லொறி கேட்கும், இடி கேட்கும், நீர் பேசுகிறீர் என்பதும் கேட்கும். ‘பசி’ என்றீரா ‘பதி’ என்றீரா என்பது கேட்காது. சகரத்தின் சீறல் 4000 ஹேர்ட்ஸுக்கு மேலே நிற்பது. எல்லாவற்றையும் ஒரே அளவில் உயர்த்தினால் லொறியும் சேர்ந்து உயரும். பழுதான காது மெல்லிய ஒலியைக் கேட்காவிட்டாலும் பெருத்த ஒலியைப் பொறுக்காது. ஆகவே நல்ல கருவி ஒவ்வொரு மீடிறனிலும் மெல்லியதை அதிகமாகவும் பெரியதைக் குறைவாகவும் உயர்த்துகிறது. மலிவான ஒலிபெருக்கிகள் பலவற்றுக்கு இது தெரியாது.

இங்கே நம்முடைய மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1994இல் அவுஸ்திரேலியரான டெனிஸ் பெர்ன் என்பவரும் பல நாட்டுத் தோழர்களும் 12 மொழிகளின் பேச்சை அளந்து, ஒலிச்சக்தி மீடிறன்களுக்கிடையே சராசரியாக எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்த்தார்கள். சிங்களம் அதில் இருக்கிறது, தமிழ் இல்லை. மொழிகளுக்கிடையே வேறுபாடு சிறிது, கருவிகளைப் பொருத்த ஒரே சராசரியை வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் முடிவு. தமிழை அளந்திருந்தாலும் சராசரி பெரிதும் மாறியிராது என்றே நினைக்கிறேன். என் வாதம் வேறு. ஒலிச்சக்தி எங்கே இருக்கிறது என்பதை அளந்தார்கள்; பொருள் எங்கே இருக்கிறது என்பதை அந்த அளவை காட்டாது. தமிழில் வினை கடைசியில் வருகிறது. ஆமா, இல்லையா என்ற தீர்ப்பு அந்த வினையின் ஈற்றில் இருக்கிறது. ‘ரயில் இண்டைக்கு வரும்’, ‘ரயில் இண்டைக்கு வராது’. ‘இந்தக் குளிசையை வெறுவயிற்றில் போடலாம்’, ‘போடக்கூடாது’. வந்தவனா வந்தவளா வந்தவரா என்பதும் கடைசி ஒற்றையெழுத்தில்தான். சாதாரணமாகச் செய்தி சொல்லும்போது வசனம் முடிய முடியக் குரல் தாழ்கிறது, மூச்சுக் குறைகிறது. ஆகப் பொருளின் கனமான பகுதி ஒலியின் மெலிந்த பகுதியில் இருக்கிறது. சந்தர்ப்பத்தை வைத்து ஊகித்துக்கொள்ளலாமே என்பீர். வீட்டில் முடியும். வங்கியிலும் வைத்தியசாலை வரிசையிலும் புகையிரத நிலையத்திலும் ‘வரும்’ என்பதும் ‘வராது’ என்பதும் ஒரேயளவு நடக்கக்கூடியவை. அங்கே ஊகம் கைகொடுக்காது.

இனிப் போனுக்கு வருவோம். எதிரொலியைக் கணக்கில் எடுக்காவிட்டால், தூரம் இருமடங்காகும்போது ஒலி 6 டெசிபெல் விழும் என்பது நீர் பரீட்சைக்குப் படித்ததுதான். ஒரு மீற்றரில் 60 ஆக இருக்கும் பேச்சு 4 மீற்றரில் 48. அறையின் மின்விசிறி 50 என்றால் வசனத்தின் தொடக்கமே இரைச்சலுக்குக் கீழே போய்விடுகிறது, ஈறு எம்மாத்திரம்? காதில் இருக்கும் கருவி வந்து சேர்ந்ததை மட்டுமே உயர்த்தும். ஒரு திசையின் ஒலியைக் கூடுதலாகப் பிடிக்கும் அதன் மைக்குகள் நடைமுறையில் மீட்பது சில டெசிபெல். அந்தப் போனை வைத்தியரின் மேசையில், அவர் வாயிலிருந்து அரை மீற்றரில் வைத்துப் பாரும்: 66 டெசிபெல்லில் பிடித்து, கம்பியில்லாமல் மாமாவின் காதுக்குள் விடுகிறது. 4 மீற்றரோடு ஒப்பிட்டால் 18 டெசிபெல் லாபம். ஐபோனோடு நேரே இணையும் கருவிகள் 2014 அளவிலேயே இதைச் செய்தன. அவ்வசதிக்கு லைவ் லிசன் என்று பெயர். கருவியோடு சேர்த்து வாங்கும் தனி மைக்குகளும் இதே வேலையைச் செய்யும். பாட்டும் அழைப்பும் உபரி. இந்தத் தூரத்தை வெல்வதற்காகவே புளூடூத்துக்குக் காசு கொடுக்கலாம்.

வயதானவர்களுக்குப் போன் கையாள வராது என்பார்கள். நீர் இருக்கிறீர் அல்லவா? ஒருமுறை இணைத்துக் கொடுத்தால் பிறகு தானாக இணையும். ஒலியளவுக்குக் கருவியிலேயே பொத்தான் இருக்கும் மாதிரியாகத் தேடி வாங்கும். மேசையில் போன் வைத்தால் பதிவு செய்வதாக நினைப்பார்களே என்றால், முதலில் சொல்லிவிட்டு வைப்பது மரியாதை. சாதாரணக் காதொலிப்பானே போதாதா என்றால், சிலருக்குப் போதும்: 2024 செப்டெம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அப்பிளின் ஏர்பாட்ஸ் புரோ காதொலிப்பானைக் காது மெசினாக இயக்கும் மென்பொருளை, 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் இலேசான, நடுத்தரக் கேட்டல் குறைபாட்டுக்கு மட்டும் அனுமதித்தது. மாமாவின் குறை அதைவிடப் பெரிதென்றால் அது உதவாது. கடற்காற்றின் ஈரம் உண்மையான தொல்லை. இரவில் உலர்த்தும் டப்பாவில் வைக்கப் பழக்க வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மெசின் போட்டால் மறதிநோய் வராது என்று யாரும் விற்க வந்தால் கேட்காதீர். 2023இல் லான்செட் இதழில் வந்த அச்சீவ் ஆய்வு, 70 முதல் 84 வயது வரையான 977 பேரை மூன்று வருடம் தொடர்ந்தது. மொத்தக் கூட்டத்தில் வேறுபாடு காணவில்லை. மறதிக்கான ஆபத்துக் கூடிய பிரிவினரில் மட்டும் சிந்தனைத் திறன் மங்குவது 48 வீதம் குறைந்தது. முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் சொல்வது நேர்மையல்ல. மனிதரோடு பேசிக்கொண்டிருக்கலாம் என்பதே மாமாவுக்குப் போதிய காரணம்.

வாங்குமுன் காது மூக்குத் தொண்டை வைத்தியரைப் பாரும். காதுக்குடும்பியாக இருக்கலாம், சீழாக இருக்கலாம். ஒரு காது திடீரென்று அடைத்தால் நாட்கணக்கில் காத்திராமல் அன்றே ஓட வேண்டும். கேட்டல் வரைபடத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பும். எந்தக் கருவி என்பதை அதைப் பார்த்தபிறகு பேசுவோம். அதுவரை முற்பணம் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
உமது ஆசிரியர்