பில் சாப்ட்வேரையும் கணக்கு சாப்ட்வேரையும் இணைக்கும் முன்

2025 செப்டம்பர் 22 அன்று நவராத்திரி தொடங்கியது. அதே நாளில் ஜி.எஸ்.டி. விகிதமும் மாறியது. ரெடிமேட் ஆடைகளில் ஓர் உருப்படியின் விலை 2,500 ரூபாய் வரை இருந்தால் 5 சதவீதம், அதற்கு மேற்பட்டால் 18 சதவீதம் என்றாயிற்று. முந்தின நாள் வரை 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஆடைகளுக்கு 12 சதவீதம் இருந்தது. தியாகராய நகரில் ஜவுளி வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்கள் பலர், முந்தின இரவு கடை சாத்திய பிறகு உட்கார்ந்து விகிதங்களை மாற்றியதை மறந்திருக்க மாட்டார்கள்.

கவுண்டரில் பில் போடும் கம்ப்யூட்டரில் மாற்றுவது ஒரு வேலை. கடையின் வெப்சைட்டில் மாற்றுவது இன்னொரு வேலை. உள்ளறையில் கணக்கு எழுதும் டேலியில் மாற்றுவது மூன்றாவது வேலை. மூன்றில் ஒன்று விட்டுப்போனால் என்ன ஆகும்? வரி நீங்கலாக 3,000 ரூபாய் விலையுள்ள சுடிதார் செட் ஒன்றை வெப்சைட் பழைய 12 சதவீதத்திலேயே விற்றுவிட்டால், வாங்கிய வரி 360 ரூபாய். கட்ட வேண்டியது 540. மீதி 180 ரூபாய் நம் கைப்பணத்திலிருந்து போகும். 2,000 ரூபாய்ச் சரக்குக்கு 5 சதவீதத்துக்குப் பதில் 12 சதவீதம் வாங்கியிருந்தால், அதிகப்படியை நாம் வைத்துக்கொள்ள முடியாது. வரி என்று வாங்கியதை அரசுக்குச் செலுத்தியே ஆக வேண்டும். வாடிக்கையாளரின் கோபம் தனிக் கணக்கு.

இத்தகைய தொல்லைகளுக்கு மருந்து என்று சொல்லித்தான் 'கிளவுட் இன்டக்ரேஷன்' தளங்களை விற்கிறார்கள். வாங்குவதற்கு முன் வணிகர்கள் எதைக் கேட்க வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

முன்பெல்லாம் கடையில் சிட்டையும் பேரேடும் இருந்தன. பகலில் நடந்த வரவு செலவைச் சிட்டையில் எழுதி வைத்து, மாலையில் கணக்குப்பிள்ளை அதை ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார். இன்று சிட்டை நான்கைந்து இடங்களில் இருக்கிறது: கவுண்டர் பில், வெப்சைட் ஆர்டர், யூ.பி.ஐ. வரவு, கூரியர் கணக்கு, வாட்ஸ்அப் ஆர்டர். இவற்றிலிருந்து எடுத்துப் பேரேட்டில் ஏற்றும் கணக்குப்பிள்ளைதான் இணைப்புத் தளம். அவர் நம் கடையில் உட்காராமல், இன்டர்நெட் வழியே வேறொரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறார். மாதச் சம்பளத்துக்குப் பதில் மாத வாடகை.

1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-இல் பெயர் மாற்றிக்கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் 'ஜோஹோ ஃப்ளோ' இவ்வகையைச் சேர்ந்தது. போபாலிலிருந்து வரும் 'பாப்லி கனெக்ட்', அமெரிக்காவின் 'ஜேப்பியர்', முன்பு இன்டக்ரோமேட் என்ற பெயரில் பிராக் நகரில் தொடங்கிய 'மேக்' ஆகியவையும் இப்படிப்பட்டவையே. ஜெர்மனியின் 'என்8என்' என்பதை நம் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். ஆனால் அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் வேண்டும். 'மியூல்சாஃப்ட்', 'பூமி' போன்றவை பெரிய கம்பெனிகளுக்கானவை. ஒரு கடைக்கோ மொத்த வியாபாரக் கிடங்குக்கோ அவை தேவையில்லை என்பது என் கருத்து.

எந்தத் தளம் என்று பார்ப்பதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். எதற்கு எது மூலக் கணக்கு? சரக்கு இருப்புக்கு கவுண்டர் சாப்ட்வேர் மூலமா, வெப்சைட் மூலமா? வரி விகிதத்துக்கு எது? வாடிக்கையாளர் பெயர், ஜி.எஸ்.டி. எண் இவற்றுக்கு எது? ஒவ்வொன்றுக்கும் ஓரிடத்தில்தான் எழுத வேண்டும். மற்றவை அங்கிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் திருத்தலாம் என்று விட்டால் இரண்டும் ஒன்றையொன்று திருத்தும். காலையில் கவுண்டரில் சரியாக மாற்றிய விகிதத்தை மத்தியானம் வெப்சைட் பழையபடி மாற்றி வைத்துவிடும். ஒரே ஒரு பட்டுப்புடவை பாக்கி இருக்கும்போது அதைக் கடையிலும் விற்று, வெப்சைட்டிலும் விற்று, ஒருவருக்குப் பணத்தைத் திருப்பித் தரவேண்டி வரும். இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுத அரைமணி நேரம் போதும். அதை எழுதாமல் எந்தப் பிரதிநிதியையும் உட்கார வைத்துப் பேசக்கூடாது.

கூடவே சரக்குக் குறியீடும் ஒன்றாக இருக்க வேண்டும். கவுண்டரில் 'காட்டன் 40 நீலம்', வெப்சைட்டில் 'ப்ளூ காட்டன் எல்' என்று இருந்தால் எந்தத் தளத்தாலும் இரண்டையும் ஒரே சரக்கு என்று கண்டுகொள்ள முடியாது. பார்கோடு எண்ணையே எல்லா இடத்திலும் குறியீடாக வைப்பது எளிது.

அடுத்து டேலி. 1986-இல் பெங்களூரில் தொடங்கிய இந்நிறுவனத்தின் சாப்ட்வேர் நம் கடைகளில் வெகுவாகப் பரவியிருக்கிறது. அது பெரும்பாலும் கடையிலுள்ள கம்ப்யூட்டரிலேயே ஓடுகிறது. வெளியிலிருந்து வரும் தளம் அதற்குள் நேராக நுழைய முடியாது. அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு சிறு இணைப்பு புரோகிராம் நிறுவப்பட வேண்டும். கம்ப்யூட்டர் போட்டிருக்க வேண்டும். டேலியில் நம் கம்பெனி திறந்திருக்க வேண்டும். இரவு பத்து மணிக்குக் கணக்கர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போனால், இரவில் வந்த ஆர்டர்கள் காலை வரை காத்திருக்கும். அப்படிக் காத்திருப்பவற்றைத் தளம் பத்திரமாக வைத்திருந்து மறுபடி அனுப்புமா, அல்லது கைவிட்டுவிடுமா? இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் அந்தத் தளத்தை ஒதுக்கிவிடலாம்.

கட்டண விஷயத்தில் விளம்பரத்தை நம்ப வேண்டாம். பல தளங்கள் வேலையை எண்ணிக் கட்டணம் வாங்குகின்றன. ஒரு பில்லுக்கு இருப்பைக் குறைப்பது, டேலியில் ஏற்றுவது, வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்புவது, கூரியருக்குச் சொல்வது என்று நான்கு வேலை என்று வையுங்கள். மாதம் 3,000 பில் என்றால் 12,000 வேலை. ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியிலும் 9,000 பில் ஆனால் 36,000 வேலை. சாதாரண மாதத்தைப் பார்த்துத் திட்டம் எடுத்தவர் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னதாகவே எல்லையைத் தொட்டுவிடுவார்.

மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் கொலு பொம்மை விற்கும் ஒரு வணிகருக்கு இதுவே நேர்ந்தது. அவருடைய கணக்கை நான்தான் பார்க்கிறேன். நவராத்திரிக்கு முந்தின வாரம் தளத்தின் மாத எல்லை தீர்ந்து இணைப்பு நின்றுவிட்டது. எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. ஆனால் இணைப்பை அமைத்துக் கொடுத்த பையனின் ஈமெயிலுக்குப் போயிருந்தது, அவன் வேலையை விட்டுப் போயிருந்தான். மூன்று நாள் ஆர்டர்கள் வெப்சைட்டிலேயே கிடந்தன. பணம் வந்திருந்தது, பொம்மை போகவில்லை. கொலு முடிந்த பிறகு தசாவதார செட்டை யார் வாங்குவார்கள்? அத்தனைக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆகவே எல்லை தீர்ந்தால் வேலை நிற்குமா, அல்லது அதிகக் கட்டணத்தில் தொடருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம். நம்மைப் போன்ற பருவ வியாபாரிகளுக்கு, கூடுதல் கட்டணம் வாங்கினாலும் நிற்காத தளமே நல்லது.

ஒரே பில் இரண்டு முறை ஏறுவது இன்னொரு பெரிய ஆபத்து. இன்டர்நெட் நடுவில் அறுந்தால், போனதா இல்லையா என்று தெரியாமல் தளம் மறுபடி அனுப்பும். அப்போது விற்பனை இரட்டிப்பாகும், வரியும் இரட்டிப்பாகும். இதற்கு அரசின் இ-இன்வாய்ஸ் முறையே நல்ல பாடம். விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகியவற்றைக் கொண்டு 64 எழுத்து அடையாள எண் ஒன்று உண்டாக்கப்படுகிறது. அதே பில்லை மறுபடி அனுப்பினால் ஏற்கெனவே பதிவானது என்று திருப்பிவிடும். நம் இணைப்பும் பில் எண்ணை வைத்து இப்படிச் சரிபார்க்க வேண்டும். விற்க வருபவரிடம், ஒரே பில்லை இரண்டு தடவை அனுப்பிக் காட்டுங்கள் என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

மொத்த வியாபாரிகளுக்கு இதைவிடக் கடுமையான விஷயம் உண்டு. ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்கள் வணிகர்களுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். 10 கோடியும் அதற்கு மேலும் உள்ளவர்கள் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது 2025 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. இணைப்பு சத்தமில்லாமல் நின்று ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் அந்த பில்களைப் பதிவே செய்ய முடியாது. வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவும் சிக்கலாகிவிடும். நம்மிடம் வாங்கும் கடைக்காரர் அடுத்த முறை வேறு கிடங்குக்குப் போய்விடுவார்.

தளமே மூடப்பட்டால்? அதுவும் நடந்திருக்கிறது. ஹைதராபாத்தில் தொடங்கிய 'ஆட்டோமேட்.ஐஓ' என்ற இணைப்புத் தளத்தை 2021-இல் அமெரிக்காவின் நோஷன் நிறுவனம் வாங்கியது. 2022 அக்டோபர் இறுதியோடு அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. அதை நம்பியிருந்தவர்கள் எல்லாவற்றையும் வேறு தளத்தில் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. ஆகவே எது எங்கிருந்து எங்கே போகிறது என்ற வரைபடம் தாளில் நம்மிடம் இருக்கட்டும்.

எல்லோருக்கும் இது வேண்டுமா என்றால், வேண்டாம். நாளைக்குப் பத்து ஆர்டர் வெப்சைட்டில் வருகிற கடைக்கு, இரவில் ஒருவர் அரைமணி உட்கார்ந்து டேலியில் ஏற்றினால் போதும். சில பில் சாப்ட்வேர்களில் டேலிக்கு அனுப்பும் வசதி கூடவே வருகிறது. முதலில் அதைக் கேளுங்கள். பில், இருப்பு, கணக்கு மூன்றையும் ஒரே கம்பெனியிடம் வாங்கினாலும் இணைக்கும் வேலை பெரிதும் குறையும். ஆனால் பின்னால் அங்கிருந்து வெளியேறுவது கடினமாகும்.

வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் ஆடியிலோ ஐப்பசியிலோ தொடங்காமல், பொங்கல் வியாபாரம் ஓய்ந்த மாசியில் தொடங்கலாம். ஒரு மாதம் பழைய முறையும் கூடவே நடக்கட்டும். தினமும் இரவு இரண்டு பக்கமும் பில் எண்ணிக்கை, விற்பனைத் தொகை, வரித் தொகை மூன்றையும் ஒப்பிட வேண்டும். தளத்தின் கணக்கு, ஓ.டி.பி. வரும் போன் எண், எச்சரிக்கை வரும் ஈமெயில் ஆகியவை முதலாளியின் பெயரிலேயே இருக்க வேண்டும்.