ஜின்செங் வேர்: செயற்படு சேர்வைகளும் உடல்நலமும்



"நினைவாற்றலைக் கூட்டும்", "களைப்பைப் போக்கும்" என்ற விளம்பரங்களுடன் விற்கப்படும் குளிசைப் போத்தல்களில் ஜின்செங் என்னும் பெயரை நீங்கள் கண்டிருக்கக்கூடும். இவ்வேரைப் பற்றி மூன்று வினாக்களை எழுப்புவோம். இதில் என்ன உள்ளது? அது உடலில் எவ்வாறு செயற்படுகின்றது? அதனால் நோய் குணமாகும் என்பது நிரூபிக்கப்பட்டுள்ளதா? பலர் முதலாவது வினாவுக்குரிய விடையையே மூன்றாவதற்கும் விடையாகக் கருதிவிடுகின்றனர். அத்தவறைத் தவிர்ப்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. தாவரம்

ஆசிய ஜின்செங்கின் தாவரவியற் பெயர் பனக்ஸ் ஜின்செங் ஆகும். கொரியாவிலும் வடகிழக்குச் சீனாவிலும் இது பயிரிடப்படுகின்றது. வேர் மனித உருவை ஒத்திருப்பதால் சீனர் இதனை "மனித வேர்" என்னும் பொருள்பட அழைத்தனர். பனக்ஸ் என்பது "அனைத்தையும் குணப்படுத்துவது" எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. வேர் பொதுவாக 4 முதல் 6 வருடங்களில் அறுவடை செய்யப்படும். அவிக்காமல் உலர்த்தினால் வெள்ளை ஜின்செங், ஆவியில் அவித்து உலர்த்தினால் சிவப்பு ஜின்செங் எனப்படும்.

கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வளரும் அமெரிக்க ஜின்செங் இதே சாதியைச் சேர்ந்த வேறோர் இனமாகும். "சைபீரிய ஜின்செங்" எனப்படுவதோ பனக்ஸ் சாதியைச் சேர்ந்ததன்று.

2. செயற்படு சேர்வைகள்

ஜின்செங்கின் முக்கிய செயற்படு சேர்வைகள் ஜின்செனோசைட்டுகள் ஆகும். இவை சப்போனின் வகையைச் சேர்ந்தவை. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நீரில் நுரைப்பதற்குக் காரணமும் சப்போனின்களே. ஜின்செனோசைட்டு மூலக்கூறில் 30 காபன் அணுக்களைக் கொண்ட பகுதியொன்றுடன் வெல்ல மூலக்கூறுகள் இணைந்திருக்கும். இணையும் வெல்லங்களின் எண்ணிக்கையும் இடமும் மாறுவதால் நூற்றுக்கும் மேற்பட்ட ஜின்செனோசைட்டுகள் இனங்காணப்பட்டுள்ளன. ஆர்பி-1, ஆர்ஜி-1 என்பன அவற்றுட் சில.

3. உடலில் செயற்படும் விதம்

• பெரும்பாலான ஜின்செனோசைட்டுகள் குடலில் எளிதில் அகத்துறிஞ்சப்படுவதில்லை. குடலில் வாழும் பற்றீரியாக்கள் வெல்லப் பகுதியை நீக்கிய பின்னரே அகத்துறிஞ்சல் இலகுவாகின்றது. இப்பற்றீரியாக்கள் ஆளுக்காள் வேறுபடுவதால் விளைவும் வேறுபடலாம்.
• ஆய்வுகூடப் பரிசோதனைகளில் இவை குருதிக்கலன்களின் உட்சுவரிலிருந்து நைத்திரிக் ஒட்சைட்டு வெளியாவதைத் தூண்டுகின்றன. இதனால் குருதிக்கலன்கள் விரிவடைகின்றன.
• விலங்குகளில் நரம்புத் தொகுதியை ஆர்ஜி-1 தூண்டுவதாகவும் ஆர்பி-1 அமைதிப்படுத்துவதாகவும் காணப்பட்டுள்ளது. ஒரே வேரில் எதிரெதிரான விளைவுகளைத் தரும் சேர்வைகள் இருப்பதைக் கவனிக்க.

4. மனிதரில் பரிசோதனை

2000ஆம் ஆண்டு கனடாவின் ரொறன்ரோ ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில் நீரிழிவு அற்ற 10 பேரும் வகை 2 நீரிழிவுடைய 9 பேரும் பங்குபற்றினர். அவர்களுக்கு ஒரு தடவை 3 கிராம் அமெரிக்க ஜின்செங்கும், இன்னொரு தடவை மருந்தற்ற போலிக் குளிசையும் கொடுக்கப்பட்டன. பின்பு 25 கிராம் குளுக்கோசு அருந்தச் செய்து குருதி வெல்ல மட்டம் அளக்கப்பட்டது. குளுக்கோசுக்கு 40 நிமிடங்களுக்கு முன் ஜின்செங் எடுத்தபோது இரு குழுவினரிலும் வெல்ல மட்டம் குறைவாக ஏறியது.

விடயம் இத்துடன் முடியவில்லை. அதே குழுவினர் ஜின்செனோசைட்டு குறைந்த வேறொரு தொகுதி வேரைச் சோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில் அவ்விளைவு காணப்படவில்லை. ஆகவே போத்தலின் மேல் உள்ள பெயர் மாத்திரம் பயனை உறுதிப்படுத்தாது.

நினைவாற்றல் தொடர்பாக, ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2010இல் வெளியிட்ட மீளாய்வு, சுகதேகிகளின் சிந்தனைத் திறனை ஜின்செங் கூட்டும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என முடிவு செய்தது. பரீட்சைக்குத் தயாராகும் நீங்கள் இதனை மறவாதீர்கள். நித்திரையையும் மீட்டலையும் ஈடுசெய்யும் குளிசையன்று இது. நித்திரையின்மையும் தலையிடியும் இதன் பக்கவிளைவுகளாக ஏற்படலாம்.

5. எச்சரிக்கை

• குருதி உறைவதைத் தடுக்கும் வோபரின் மருந்தின் செயலை அமெரிக்க ஜின்செங் குறைத்ததாக 2004இல் வெளியான ஆய்வு காட்டியது.
• நீரிழிவு மருந்துடன் சேர்த்து எடுத்தால் வெல்ல மட்டம் அளவுக்கு மீறிக் குறையலாம்.
• கர்ப்பிணிகள் வைத்திய ஆலோசனையின்றி உட்கொள்ளலாகாது.

நினைவிற் கொள்க: கலத்தில் காணும் விளைவு, விலங்கில் காணும் விளைவு, மனிதரில் நிரூபிக்கப்பட்ட பயன் ஆகியன மூன்று வேறு படிகளாகும்.

பயிற்சி வினாக்கள்

1. மேற்படி பரிசோதனையில் போலிக் குளிசை கொடுக்கப்பட்டது ஏன்?
2. 2000, 2003ஆம் ஆண்டு ஆய்வுகளின் முடிவுகள் வேறுபட்டமைக்குப் பொருத்தமான காரணம் ஒன்று தருக.
3. நீரிழிவுக்கு மருந்து எடுக்கும் உங்கள் அம்மம்மாவுக்கு வெளிநாட்டு உறவினர் ஒருவர் ஜின்செங் குளிசை அனுப்பியுள்ளார். அம்மம்மா பழைய மருந்தை நிறுத்த எண்ணுகிறார். நீங்கள் கூறும் ஆலோசனை யாது?

விடைக் குறிப்பு

1. ஒப்பிடுவதற்கு, குளிசை எடுத்தோம் என்ற எண்ணத்தால் ஏற்படும் விளைவைப் பிரித்தறிவதற்கு.
2. வேரில் இருந்த ஜின்செனோசைட்டின் அளவு வேறுபட்டமை.
3. மருந்தை நிறுத்தக்கூடாது; ஜின்செங்கை மருந்துடன் சேர்த்து எடுக்கவும் கூடாது; போத்தலைக் கிளினிக்கிற்குக் கொண்டுசென்று வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். காரணத்தையும் எழுதினாலே விடை முழுமை பெறும்.