ஓடினால் மட்டும் போதுமா?



சென்ற லீவில் எங்கள் ஊர் ஜவுளிக்கடை வாசலில் கைகூப்பும் பொம்மையின் மோட்டார் எரிந்துபோனது. "டிப்ளமோ படிக்கிறியே தம்பி, கொஞ்சம் பாரேன்" என்றார் முதலாளி. பழைய மோட்டாரையும் கியரையும் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, புது மோட்டார் மாட்டினேன். நிதானமாகக் கும்பிட்ட பொம்மை, கொசு அடிப்பதுபோல் படபடவென்று கை தட்டியது!

"ஓடுது தம்பி, ஆனா வணக்கம் சொல்லலையே" என்றார் முதலாளி. பழைய வேகத்தை நான் குறித்து வைக்கவில்லை. கியர் பல்லை எண்ணலாம் என்றால் கியரே கையில் இல்லை.

இதே சிக்கல் பெரிய மியூசியங்களுக்கும் உண்டு என்று பிறகு படித்தேன். அசைவையே கலையாக்கியவர்களில் ஒருவர் சுவிட்சர்லாந்தின் ழான் டிங்கெலி (1925–1991). பழைய இரும்பு, சக்கரம், பெல்ட், மோட்டார்தான் அவருடைய சரக்கு. பாசல் நகரில் 1996-இல் திறந்த அவரது மியூசியத்தில், பார்வையாளர் பொத்தானை அழுத்தினால் இயந்திரம் சிறிது நேரம் ஓடி நிற்கும். பிறகு அதற்கு ஓய்வு. ஓடினால் தேயும், ஓடாவிட்டால் கலையே இல்லை! அங்கே கடகட சத்தமும் படைப்பில் சேர்த்திதான். சத்தம் கேட்டதும் கிரீஸ் டப்பாவைத் தூக்கும் நம் வழக்கம் அங்கே செல்லாது.

நௌம் காபோ 1919–20-இல் ஒரு எஃகுக் கம்பியை மோட்டாரால் அதிரவைத்து, நிலை அலையையே சிற்பமாகக் காட்டினார். லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருப்பது 1985-இல் செய்த மறுபிரதி. கம்பியின் நீளமோ அதிரும் வேகமோ மாறினால் அலையின் உருவமும் மாறிவிடும்.

நம் பாடத்திலேயே ஒரு கணக்கு: சிங்க்ரனஸ் வேகம் = 120 × அதிர்வெண் ÷ துருவங்கள். நாலு துருவ மோட்டார் அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸில் 1800 சுற்று. ஐரோப்பாவின் 50 ஹெர்ட்ஸில் 1500. அங்கே செய்த சிற்பம் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது!

ஆகவே, ஸ்பானரை எடுக்குமுன்:

1. வேகம், சத்தம், அசையும் தூரம் மூன்றையும் அளந்து பதிவு செய்யுங்கள். முடிந்தால் வீடியோவும் எடுங்கள்.
2. ஓடிய மணிக்கணக்கை எழுதி, பெல்ட், பேரிங், கார்பன் பிரஷ் ஆகியவற்றை முன்கூட்டியே சோதியுங்கள்.
3. மாற்றிய பழைய பாகத்துக்குச் சீட்டுக் கட்டிப் பத்திரப்படுத்துங்கள்.
4. எதை மாற்றினாலும் திரும்பப் பழையபடி ஆக்கும் வழி இருக்கட்டும்.

பொம்மை என்ன ஆயிற்று என்கிறீர்களா? முதலாளியையே, பொம்மை கும்பிட்ட மாதிரி கும்பிட்டுக் காட்டச் சொல்லி, வாட்ச்சில் நேரம் பார்த்து, அதற்கேற்ற கியர் போட்டேன். "ஏறக்குறைய சரி தம்பி" என்றார். அந்த 'ஏறக்குறைய' எனக்கு இன்னும் உறுத்துகிறது. உங்களுக்கு அது வேண்டாம் நண்பர்களே!