சரணம் புகுவது யாரிடம்?

1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளுள், பிரமா, விஷ்ணு, மகேசுவரரைக் கடவுளராகக் கொள்வதில்லை என்பதும் ஒன்று. மது அருந்துவதில்லை என்பதும் ஒன்று. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதுமோ என உபாசகர் ஐயுறும் இடம் ஒன்றுண்டு.

குடிநோயாளர் ஒருவரையொருவர் தாங்கி மீளும் கூட்டங்களுள் பேர்பெற்றது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் மருத்துவர் ராபர்ட் ஸ்மித்தும் அதனைத் தொடங்கினர். இருவரும் குடியால் நலிந்தவர். அதன் 12 படிகளுள் முதலாவது, மதுவின்முன் தம் வலிமை செல்லாதென ஒப்புதல்; இரண்டாவது, தம்மினும் பெரிய ஆற்றலொன்றை நம்புதல்; மூன்றாவது, தாம் உணர்ந்தவாறான கடவுளிடம் தம் வாழ்வை ஒப்படைத்தல். பௌத்தர் இப்படிகளில் ஏறுவது எங்ஙனம்?

முதற்படியில் நமக்குத் தடையில்லை. உடலும் மனமும் 'நான்' எனில், அவை நம் ஆணைக்குப் பணிதல் வேண்டும். பணிவதில்லை என்பதே அநத்தலக்கண சுத்தத்தின் போதனை. 'நினைத்தால் நாளைக்கே விட்டுவிடுவேன்' என்பது, இல்லாத ஆட்சியை உண்டெனக் கொண்ட மயக்கமேயாம். அம்மயக்கத்தை விடுதலே சரணத்தின் தொடக்கம்.

சரணம் யாரிடம்? பகவன் புத்தர் ஞானமெய்தியபின், தாம் மதித்துச் சார்ந்தொழுகத் தக்கார் எவரெனத் தேடி, ஒருவரையும் காணாது, தாம் கண்ட தம்மத்தையே சார்ந்து வாழத் துணிந்தார் எனச் சம்யுத்த நிகாயம் கூறும். ஆசானே தம்மத்தைச் சார்ந்தாரெனின் நமக்கு அதில் இழிவில்லை. கடவுளை நம்பாதவர் கூட்டத்தையே பெரிய ஆற்றலாகக் கொள்ளலாமென அவ்வமைப்பும் 1953-இல் தான் வெளியிட்ட நூலில் இசைந்துள்ளது. ஆதலின் நம்மவர் அங்குச் செல்லலாம். பிறர் வேண்டுதல் சொல்லும்போது மனத்துள் திரிசரணம் ஓதலாம்.

எனினும் சரணம் சோம்பலன்று. தம்மம் வழி காட்டும். நடத்தல் நம் கடன். இன்று ஒரு நாள் ஐந்தாம் சீலத்தைக் காப்பேன் என ஒவ்வொரு காலையும் உறுதி கொள்க. நெடுநாள் மிகக் குடித்தவர் திடீரென நிறுத்தின் வலிப்பும் சித்தப்பிரமையும் நேரக்கூடும். மருத்துவர் துணை வேண்டும்.

நன்னட்பு இவ்வறவாழ்வின் பாதி என்றார் ஆனந்தர். பாதியன்று, முழுமையும் அதுவே எனத் திருத்தினார் பகவன். சீலம் தவறிய சகோதரனை நம் சங்கத்தார் வாயிலிலேயே தடுப்பாராயின், அவன் 'சங்கம் சரணம்' என ஓதுவதற்குப் பொருள் யாது? அவனை அருகே அமர்த்துங்கள். மீண்டும் வீழ்ந்தானாயின், மீண்டும் அமர்த்துங்கள்.