சங்கத்தின் பழைய ஏடுகள்

கேள்வி: எங்கள் ஊர்ச் சகோதர சங்கத்தின் பழைய நடவடிக்கைப் புத்தகங்கள் உப்புக்காற்றில் நைந்துவருகின்றன. காப்பது எப்படி? (ஒரு வாசகர், வாலிநோக்கம்)

பதில்: கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பிரயாசையுடன் சேகரித்த நூல்களையும் பத்திரிகைகளையும் ஆதாரமாகக் கொண்டு 1994-இல் சென்னையில் உருவான ஆராய்ச்சி நூலகம், அவற்றை நுண்படமெடுத்துக் காத்த முறை உங்களுக்கும் உகந்ததே. கடலோர ஈரத்தில் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் பெருகுமாதலால், ஏடுகளைத் தரையும் வெளிச்சுவரும் தீண்டாத காற்றோட்டமான அலமாரியில் வைத்து, துருவேறிய குண்டூசிகளை மெல்ல அகற்றி, ஈரமானவற்றை நிழலிலேயே உலர்த்தி, பக்கந்தோறும் படமெடுத்து, ஒரு பிரதியை வேற்றூரிலும் வையுங்கள். கிழிசலுக்கு ஒட்டுநாடா கூடாது. அதன் பசையே காகிதத்தைக் கறைப்படுத்தும். சாமானிய அங்கத்தினர் சந்தா செலுத்திய வரியும் சரித்திரமே. ஒரு தாளையும் கழித்துவிடாதீர்கள்.