சவுக்கும் சட்டமும்

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், சீன நாட்டு ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டில், இந்தியக் குதிரையேற்றக் குழு டிரஸாஜ் போட்டியில் தங்கம் வென்றது. 1982இல் தில்லியில் பெற்ற தங்கங்களுக்குப் பிறகு, நாற்பத்தோர் ஆண்டு கழித்து இத்துறையில் நமக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. வென்ற நால்வரின் படங்களை எல்லோரும் பார்த்து மகிழ்ந்தோம். ஆனால் களத்தில் இறங்கியபோது அவர்கள் கையில் சவுக்கு இருந்ததா என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். இல்லை. இருக்கவும் கூடாது என்பது அப்போட்டியின் விதி.

குதிரை வீரன் என்றதும் ஓங்கிய கையும் சவுக்கும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. சினிமாச் சுவரொட்டிகள் செய்த வேலை அது. உண்மையில் இன்றைய போட்டிகளில் சவுக்கு என்பது நீளம் அளந்து, அடி எண்ணி, நேரம் பார்த்துக் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். அக்கட்டுப்பாடுகளுள் சில அறிவியலோடு நன்றாக ஒத்துப்போகின்றன, சில ஒத்துப்போகவில்லை. விலங்கியல் படிக்கிறவன் என்ற முறையில் அவற்றை நண்பர்களோடு சேர்ந்து ஆராய்ந்து பார்க்க விரும்புகிறேன்.

உலகப் போட்டிகளுக்கு விதி வகுப்பது 1921இல் தோன்றிய சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம். அதன் தலைமையகம் ஸ்விட்சர்லாந்தின் லொசான் நகரில் உள்ளது. ஒலிம்பிக்கில் இடம்பெறும் பிரிவுகள் மூன்று. குதிரையின் நடையழகையும் பணிவையும் சோதிப்பது டிரஸாஜ். வேலிகளையும் தடைகளையும் கீழே தள்ளாமல் தாண்டச் செய்வது தடை தாண்டும் போட்டி. இவ்விரண்டோடு மேடு பள்ளம், நீர்நிலை எல்லாம் கடந்து ஓடும் நெடுவழி ஓட்டத்தையும் சேர்த்துக்கொண்டது ஈவென்டிங். டிரஸாஜில் பயிற்சித் திடலோடு சவுக்கின் வேலை முடிந்துவிடுகிறது. அங்கும் 120 சென்டிமீட்டருக்கு மேல் நீளம் கூடாது. உடற்குறை உடையோருக்கான பாரா டிரஸாஜில் மட்டும் விலக்கு உண்டு. காலால் சொல்ல முடியாததைக் கைக்கோல் சொல்லட்டும் என்பது கருத்து. நியாயமான விலக்கு.

தடை தாண்டும் போட்டியில் சவுக்குக்கு இடம் உண்டு. நீளம் 75 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நுனியில் எடை கட்டியிருக்கக் கூடாது. இவை சாதாரண விதிகள். எது மிகையான அடி என்று சொல்லும் பகுதிதான் படிக்கச் சுவையானது. சவாரி செய்பவர் தம் கோபத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக அடிக்கலாகாது. போட்டியிலிருந்து நீக்கப்பட்ட பின் அடித்தால் அஃது எப்போதும் மிகையே. கடைசித் தடையைக் குதிரை தாண்டிவிட்ட பின் அடித்தாலும் அப்படியே. வலக்கையில் பிடித்த சவுக்கைக் குறுக்கே வீசி இடப்பக்கத்து விலாவில் அடிக்கக் கூடாது. தலையில் ஒருபோதும் அடிக்கக் கூடாது. தோல் கிழிந்துவிட்டால், எண்ணிக்கை எதுவாயினும் அது மிகை. இவற்றோடு ஓர் எண்ணும் சேர்ந்துகொள்கிறது. தொடர்ந்து மூன்று அடிக்கு மேல் கூடாது என்பது இப்பிரிவில் நெடுங்காலமாக நிலவிய வரம்பு. ஈவென்டிங்கில் அது ஒரு சந்தர்ப்பத்துக்கு இரண்டு அடி என்று குறைக்கப்பட்டது.

நம் வளாகத்து என்.சி.சி. குதிரைப் பிரிவில் பயிற்சி பெறும் சங்கத் தம்பி ஒருவரிடம் இவ்விதிகளைப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டது இது: “அண்ணா, நாலாவது அடி குற்றம், சரி. மூணாவது அடி மட்டும் வலிக்காதா?”

எளிய கேள்வி, ஆனால் விதியின் வேரையே அசைக்கிறது. வலியை நடுவரால் அளக்க முடியாது. சவாரி செய்பவரின் மனத்தில் உள்ள கோபத்தையும் அளக்க முடியாது. அடியை எண்ணலாம். ஆகவே எண்ண முடியாததற்குப் பதிலாக எண்ணக்கூடியதை வைத்துக்கொண்டார்கள். ஆய்வுக்கூடத்தில் நாமும் இதைச் செய்கிறோம். அளக்க வேண்டியதை அளக்க இயலாதபோது அதன் நிழலை அளக்கிறோம். நிழலையே பொருளென்று கொண்டுவிடும்போதுதான் தொல்லை.

“குதிரைக்குத் தோல் தடிப்பு, அதற்கு ஒன்றும் உறைக்காது” என்று பலர் சொல்வதுண்டு. மாட்டின் முதுகில் ஓர் ஈ வந்து அமர்ந்தால் அந்த இடத்துத் தோல் மட்டும் சிலிர்த்து உதறுவதை நாம் பார்த்திருக்கிறோம். குதிரையும் அவ்வாறே செய்கிறது. ஈயின் கால் பட்டதை உணரும் தோல் சவுக்கை உணராது என்பது பொருந்தாத பேச்சு. 2020இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் குதிரையின் பின்தொடைத் தோலையும் மனிதத் தோலையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டுப் பார்த்தனர். மேல்தோலின் தடிப்பிலோ, அங்குள்ள நரம்பு முனைகளின் நெருக்கத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. குதிரைத் தோலின் மொத்தத் தடிப்பு அதிகம் என்பது மெய்; ஆனால் அத்தடிப்பு உணர்ச்சி நரம்புகளுக்குக் கீழே இருக்கிறது. கம்பளியை உள்ளே போட்டுக்கொண்டு சட்டையில்லாமல் நிற்பது போன்ற நிலை அது.

இனி, அடி எதையாவது கற்றுக்கொடுக்கிறதா என்று பார்ப்போம். குதிரைக்குச் சொல்லித்தரும் முறை பெரும்பாலும் இது: காலால் விலாவை மெல்ல அழுத்துவர், குதிரை முன்னே நகர்ந்த அக்கணமே அழுத்தத்தை விட்டுவிடுவர். விட்டதுதான் பாடம். அழுத்தத்துக்கு இணங்காத குதிரையைச் சவுக்கால் மெல்லத் தட்டுவர், இணங்கியதும் நிறுத்துவர். இதில் நேரம்தான் உயிர். தடையின் முன் குதிரை நின்றுவிட்டது. திருப்பி அழைத்துவந்து சில நொடி கழித்து நாலு சாத்து சாத்தினால், நின்றதற்குத்தான் இத்தண்டனை என்று குதிரை கணக்குப் போட்டுக்கொள்ளாது. அந்த இடம், அந்த வேலி, முதுகில் இருக்கும் ஆள் ஆகிய இவையே வலியோடு முடிச்சுப் போடப்படும். அடுத்த முறை அத்தடையை அது இன்னும் அஞ்சும். நீக்கப்பட்ட பின் அடிக்காதே என்ற விதி இரக்கத்தால் மட்டும் எழுதப்பட்டதன்று. அந்த அடியால் எப்பயனும் இல்லை என்பதும் அதற்குள் இருக்கிறது. எண்ணிக்கை விதியைவிட இந்த நேர விதியே மேலானது என்பது என் துணிபு.

என் பாட்டனார் இளமையைப் பழனியில் கழித்தவர். தேர்ந்த ஜட்கா வண்டிக்காரன் குதிரையை அடிக்க மாட்டான், சவுக்குக் காம்பைச் சுழலும் சக்கரத்தின் ஆரக்கால்களில் வைத்து ‘டர்ர்’ என்று ஓசை எழுப்புவான், குதிரை அதற்கே விரையும் என்பார். சவுக்கு அங்கே சொல்லாகிவிட்டது.

எண்ணும் விதி எங்கே கொண்டுவிடும் என்பதைக் குதிரைப் பந்தயத்தில் காணலாம். பந்தயமும் குதிரையேற்றமும் வேறு வேறு துறைகள். ஆயினும் துல்லியமாக அளந்து பார்க்கும் வசதி பந்தயத்தில்தான் அதிகம். 2011 அக்டோபரில் பிரிட்டன் புதிய வரம்பு கொண்டுவந்தது: சமதளப் பந்தயத்தில் ஏழு அடி, அதிலும் இறுதி ஃபர்லாங்கில், அதாவது கடைசி 200 மீட்டர் அளவில், ஐந்து அடி. சில நாட்களுக்குள் ஆஸ்கட் மைதானத்தின் சாம்பியன் ஸ்டேக்ஸ் பந்தயத்தில் வென்ற சூமியோன் என்னும் ஜாக்கி, அந்த இறுதித் தொலைவில் ஓர் அடி கூடுதலாக அடித்துவிட்டார். ஐந்து நாள் தடையும், ஏறத்தாழ 50,000 பவுண்டு இழப்பும் விதிக்கப்பட்டன. பெருங்கூச்சல் எழுந்தது. இறுதி ஃபர்லாங்குக்கான தனி வரம்பை அதே மாதத்தில் நீக்கிவிட்டார்கள். 2023இல் எண் மேலும் இறங்கியது: சமதளத்தில் ஆறு, தடைப் பந்தயத்தில் ஏழு, நான்கு அடி மீறினால் குதிரையே தகுதி இழக்கும். ஏழு ஆறாயிற்று, ஆறு ஏன் என்று கேட்டால் விடை இல்லை. நார்வே 1982லேயே பந்தயத்தில் குதிரையை விரட்டுவதற்காக அடிப்பதைத் தடுத்துவிட்டது. அங்கும் குதிரைகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அடித்தால் வேகம் கூடுமா? சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈவன்ஸ், மெக்ரீவி இருவரும் 2011இல் ஐந்து பந்தயங்களை 200 மீட்டர்த் துண்டுகளாகப் பிரித்து ஆராய்ந்தனர். அடி விழுந்தது பெரும்பாலும் கடைசி 400 மீட்டரில். உச்ச வேகமோ அதற்கு முந்திய, அடி விழாத துண்டில். களைத்துப்போன குதிரையைத்தான் அடிக்கிறார்கள் என்பது இதனால் தெரிகிறது. ஆனால் அடிக்காவிட்டால் அக்குதிரை இன்னும் மெதுவாக ஓடியிருக்குமோ என்ற ஐயத்துக்கு இதில் விடையில்லை. ஒப்பிட மறுபக்கம் வேண்டுமல்லவா? அக்குறையை 2020இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு ஓரளவு நிரப்பியது. பிரிட்டனில் சவுக்கால் அடிக்காமல் கையாலும் குதிகாலாலும் மட்டுமே செலுத்தும் பந்தயங்கள் உண்டு. அவற்றையும் அவற்றுக்கு ஒத்த வழக்கமான பந்தயங்களையும் சேர்த்து 126 பந்தயங்களை ஒப்பிட்டதில், ஓடிய நேரத்திலோ, குதிரை வழி விலகுவதிலோ வேறுபாடு காணப்படவில்லை. கட்டுப்படுத்தச் சவுக்கு வேண்டும் என்ற பழைய வாதத்துக்கு இது நல்ல அடி.

பந்தயத்தை விட்டு ஒலிம்பிக்குக்கு வருவோம். 2021 ஆகஸ்டில் தோக்கியோவில் நவீன பென்டத்லான் போட்டியின் சவாரிப் பகுதி. அதில் வீரர்கள் தம் குதிரையில் ஏறுவதில்லை. சீட்டுக் குலுக்கலில் கிடைத்த அறிமுகமற்ற குதிரையோடு இருபது நிமிடம் பழகிவிட்டுத் தடைகளைத் தாண்ட வேண்டும். முன்னணியில் நின்ற ஜெர்மன் வீராங்கனைக்குச் செயின்ட் பாய் என்ற குதிரை வாய்த்தது. முன்னரே வேறொருவரை ஏற்றிக்கொண்டு மறுத்து நின்ற குதிரை அது. மீண்டும் மறுத்தது. வீராங்கனை கண்ணீரோடு சவுக்கை வீசினார். வேலிக்கு வெளியே நின்ற பயிற்சியாளர் ஓங்கி அடிக்கச் சொன்னதோடு, தாமும் குதிரையைக் கையால் குத்தினார். பயிற்சியாளர் நீக்கப்பட்டார். ஆனால் உலகம் பார்த்தது எத்தனை அடி என்பதையா? அஞ்சிய இருவர் ஒருவர்மேல் ஒருவர் இருந்ததைத்தான் பார்த்தது. 2024 பாரிஸ் போட்டியோடு அவ்விளையாட்டிலிருந்து குதிரைச் சவாரியே எடுக்கப்பட்டது.

களத்தில் விதி, களத்துக்கு வெளியே? பிரிட்டனின் சார்லட் டூஜார்டின் டிரஸாஜில் மூன்று ஒலிம்பிக் தங்கம் பெற்றவர். சவுக்குக்கே இடமில்லாத போட்டியில் பெற்ற தங்கங்கள். ஆனால் தனிப் பயிற்சி ஒன்றில் தரையில் நின்றபடி நீண்ட சவுக்கால் ஒரு குதிரையின் கால்களில் மீண்டும் மீண்டும் அடித்த காட்சி 2024 ஜூலையில் வெளிவந்தது. அவர் பாரிஸ் போட்டியிலிருந்து விலகினார். சம்மேளனம் ஓராண்டுத் தடையும் 10,000 ஸ்விஸ் பிராங்க் அபராதமும் விதித்தது. அரங்கில் வெறுங்கையோடு ஆடும் குதிரைக்கு லாயத்தில் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்ற கேள்வி அன்றுமுதல் வலுத்திருக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் அந்த லாயத்துக்குள்ளும் நுழையக்கூடியது. 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, அடித்தல், உதைத்தல், அளவு மீறி ஏறிச் செலுத்துதல் ஆகியவற்றை ஒரே மூச்சில் சொல்கிறது. அதில் மூன்று, ஏழு என்ற எண் எதுவும் இல்லை. தேவையற்ற வலி உண்டாயிற்றா என்பதே அது கேட்கும் கேள்வி. நம் தம்பி கேட்டதற்கு மிகவும் பக்கத்தில் வரும் கேள்வி. முதற்குற்றத்துக்கு அச்சட்டம் எழுதிய அபராதம்: பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மிகாமல்.